மச்சான் கடனுக்கு ஜாமீன் போட்டேன், சிபிலில் என் பெயர் கெட்டுவிட்டது: நீக்க முடியுமா?

தங்கச்சிமடத்தில் இருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "மச்சான் விசைப்படகு வாங்க 2019-ல் வங்கியில் கடன் எடுத்தார். நான் ஜாமீன் கையெழுத்துப் போட்டேன். படகை இலங்கைக் கடற்படை பிடித்துப் போனதும் தவணை நின்றுவிட்டது. இப்போது நான் வீட்டுக் கடன் கேட்டால், சிபிலில் 'ரைட் ஆஃப்' இருக்கிறது என்று மறுக்கிறார்கள். நான் ஒரு ரூபாய்கூட வாங்கவில்லை. மேனேஜரும் மரியாதை இல்லாமல் பேசினார். வழக்குப் போட்டு இந்தப் பதிவை நீக்க முடியுமா?"

முடியாது. சிபில் என்பது யார் கடனை எப்படிக் கட்டினார் என்று பதிந்து வைக்கும் நிறுவனம்; 'ரைட் ஆஃப்' என்றால் வராத கடன் என்று வங்கி தன் கணக்கில் எழுதிவிட்டது என்று அர்த்தம். பதிவு தவறாக இருந்தால்தான் நீக்கலாம். உங்கள் பதிவு தவறு இல்லை. இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-ன் 128-வது பிரிவுப்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் தவிர, கடன் வாங்கியவருக்கு உள்ள பொறுப்பு அத்தனையும் ஜாமீன்தாரருக்கும் உண்டு. பணம் யார் கைக்குப் போனது என்று சட்டம் கேட்காது. படகு போனதையும் மேனேஜர் பேசியதையும் இந்த விஷயத்தில் ஒதுக்கி வையுங்கள்.

கடன் கணக்கு ஸ்டேட்மெண்ட் வாங்கித் தொகையையும் தேதிகளையும் மட்டும் ஒத்துப் பாருங்கள். மச்சான் கட்டிய தவணை, இன்சூரன்ஸ், அரசு நிவாரணம் ஏதாவது வந்து வரவு வைக்காமல் விட்டிருந்தால் சிபிலில் டிஸ்பியூட் (பதிவைத் திருத்தக் கேட்கும் புகார்) போடுங்கள். 30 நாளில் தீர்க்காவிட்டால் அதன் பிறகு நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு. அப்புறம் ரிசர்வ் வங்கியின் ஒம்புட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளர்) போகலாம். இந்த நடைமுறை உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

எனக்குக் கவலை, நீங்கள் வங்கிக்கு எழுதப்போகும் கடிதத்தைப் பற்றித்தான். பெயரை நீக்கச் சொல்லிக் கிளைக்குப் போனால், "எழுதிக் கொடுங்க, மேலே அனுப்புறோம்" என்பார்கள். உடனே பலர் அங்கேயே உட்கார்ந்து, "ஐயா, இந்தக் கடனுக்கு நானும் பொறுப்பு என்று தெரியும், மீன்பிடித் தடைக்காலம் முடிந்ததும் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிவிடுகிறேன், என் பெயரை மட்டும் எடுத்துவிடுங்கள்" என்று எழுதித் தேதி போட்டுக் கையெழுத்திட்டு வருகிறார்கள். நல்லெண்ணத்துக்காக ஐயாயிரம் கட்டிவிட்டு வருபவர்களும் உண்டு. பதிவு போகாது. ஆனால் 1963-ம் வருட காலவரையறைச் சட்டத்தின் 18, 19-வது பிரிவுகள்படி, வங்கி வழக்குப் போடுவதற்கான மூன்று வருடக் கெடு முடியும் முன் எழுதிக் கொடுத்த ஒப்புதலும் கையெழுத்தோடு கட்டிய பகுதித் தொகையும் வங்கிக்குப் புதிதாக மூன்று வருடம் கொடுத்துவிடும். கெடு முடிந்தபின் கட்டுவதாக எழுதிக் கொடுத்தாலும், ஒப்பந்தச் சட்டம் 25(3) அதைச் செல்லுபடியாகும் ஒப்பந்தமாக்கும். அதே கடிதம் வங்கியின் வழக்கில் ஆவணமாக இணைந்து வருவதைப் பார்த்திருக்கிறேன்.

2019 கடன்தானே, மூன்று வருடம் எப்போதோ முடிந்தது என்றும் நம்பிவிடாதீர்கள். ஜாமீன் பத்திரத்தின் வாசகத்தைப் பொறுத்து, வங்கி உங்களிடம் பணம் கேட்ட தேதியில் இருந்துகூட கெடு தொடங்கலாம். கெடுவே முடிந்திருந்தாலும் வங்கி வழக்குப் போட முடியாதே தவிர, பாக்கி பாக்கிதான். சிபிலில் இருந்து அது தானாக மறையாது.

அதனால் வழக்கு வேண்டாம், பேசி முடியுங்கள். ஜாமீன் பத்திரத்தின் நகலோடு ஒரு வக்கீலைப் பார்த்து, அவர் எழுதித் தரும் கடிதத்தை மட்டும் கொடுங்கள். வசூல் ஏஜென்டிடம் ரொக்கம் தரவே கூடாது. எவ்வளவு தொகை, கடைசி நாள் எது, ஜாமீன்தாரரும் விடுவிக்கப்படுகிறாரா, சிபிலுக்கு என்னவென்று அனுப்புவார்கள் என்ற நான்கும் வங்கியின் லெட்டர்ஹெட்டில் வந்தபிறகே கடன் கணக்கில் நேரடியாகக் கட்டுங்கள். தள்ளுபடியோடு முடித்தால் பதிவு 'செட்டில்டு' என்று மாறும். வீட்டுக் கடன் கொடுக்கும் வங்கி அதையும் பார்த்துத் தயங்கும். முழுசாகக் கட்டினால்தான் 'க்ளோஸ்டு' வரும். இரண்டுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று கேட்டு, தாங்க முடிகிற தொகை என்றால் முழுசாகவே கட்டிவிடுங்கள்.

கட்டிய பணத்தை மச்சானிடம் திரும்பக் கேட்க ஒப்பந்தச் சட்டத்தின் 145-வது பிரிவு உரிமை தருகிறது. சொந்தத்துக்குள் எப்படிக் கேட்பது என்று தயங்காமல், ரசீது கைக்கு வந்ததும் தொகையைக் குறிப்பிட்டு அவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.