கேள்வி-பதில்: பழைய ஜிப்சி, பழைய ஜீப்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டிகளைப் பற்றியவை. மாருதி ஜிப்சிதான் அதிகம், கொஞ்சம் மகிந்திரா ஜீப். இடம் கருதிக் கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கே: 1999 ஜிப்சி வைத்திருக்கிறேன். 60 கிலோமீட்டர் வேகத்தில் சின்னப் பள்ளத்தில் இறங்கி ஏறினாலும் ஸ்டீரிங் வெடவெடவென்று ஆடுகிறது. வண்டியை நிறுத்தினால்தான் அடங்குகிறது. புது ஸ்டீரிங் டேம்பர் போட்டால் சரியாகும் என்று 4,500 ரூபாய் கேட்கிறார்கள். போடலாமா? (கொடைக்கானல்)

ப: இப்போது வேண்டாம். டேம்பர் என்பது ஸ்டீரிங்குக்கான ஷாக் அப்சார்பர் மாதிரி. ஆட்டத்தை அமுக்கி வைக்கும், காரணத்தைச் சரிசெய்யாது. கொஞ்ச நாளில் அதே ஆட்டம் இன்னும் மோசமாகத் திரும்பி வரும்.

முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்துங்கள். சக்கரத்தின் மேலே ஒரு கை, கீழே ஒரு கை வைத்து உள்ளே தள்ளி வெளியே இழுங்கள். டொக்கென்று கையில் தட்டுகிறதா? தட்டினால், இன்னொருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டிப் பாருங்கள். தட்டல் நின்றுவிட்டால் வீல் பேரிங்கில் லூஸ். பிரேக் மிதித்தும் தட்டினால் கிங்பின் பேரிங், அதாவது முன்சக்கரம் இடம் வலம் திரும்பும் அச்சின் பேரிங். ஜிப்சியில் பெரும்பாலும் கிங்பின்தான் காரணமாக இருக்கும். மெக்கானிக் ஷெட்டில் நின்று இந்தச் சோதனையை உங்கள் கண் முன்னால் செய்யச் சொல்லுங்கள், பத்து நிமிடம்கூட ஆகாது.

பேரிங் மாற்றும்போது இரண்டு பக்கமும் மாற்றுங்கள். ஷிம் (மெல்லிய தகடு) வைத்து இறுக்கம் சரிபார்க்காமல் சும்மா மாட்டிவிட்டுப் போகிற ஆளிடம் இந்த வேலையைக் கொடுக்க வேண்டாம். அப்புறம் டை ராட் முனைகள், பட்டை (லீஃப் ஸ்பிரிங்) புஷ், வீல் பேலன்ஸ். இத்தனையும் பார்த்த பிறகு பழைய டேம்பரில் எண்ணெய் கசிந்தால் அப்போது மாற்றிக்கொள்ளலாம்.

கே: டெல்லி ரிஜிஸ்ட்ரேஷன் ஜிப்சி ஒன்று இணையத்தில் 1.6 லட்சத்துக்கு வந்திருக்கிறது. 50,000 முன்பணம் அனுப்பினால் வண்டியை லாரியில் ஏற்றுவார்களாம், என்ஓசி (தடையில்லாச் சான்று) ஒரு மாதத்தில் வருமாம். (திருப்பூர்)

ப: அனுப்பாதீர்கள்.

விலை குறைவாக இருப்பதற்கு உண்மையான காரணமும் உண்டு. டெல்லிப் பகுதியில் 15 வருடம் தாண்டிய பெட்ரோல் வண்டிகள் ஓடக்கூடாது என்று 2014-இல் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவு போட்டதிலிருந்து அங்கே பழைய வண்டிகளுக்கு மதிப்பு விழுந்துவிட்டது. அதை வைத்துத்தான் ஏமாற்றுகிறவர்களும் நம்ப வைக்கிறார்கள். என்ஓசி இல்லாமல் நம் ஆர்டிஓவில் ஒரு காகிதமும் நகராது. வந்தாலும் இங்கே வரி கட்ட வேண்டும், லாரி வாடகை வேறு. எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்துவிட்டு உள்ளூர் வண்டியின் விலையோடு ஒப்பிடுங்கள்.

கே: ஜிப்சிக்கு 235/75 ஆர்15 டயர் போட்டால் பார்வையாக இருக்கும் என்கிறார்கள். வேறு பிரச்சினை வருமா? (ஏற்காடு)

ப: வரும். கம்பெனி அளவு 205/70 ஆர்15. நீங்கள் சொல்கிற டயர் விட்டத்தில் ஏறக்குறைய 10 சதவீதம் பெரிது. ஸ்பீடாமீட்டர் 55 காட்டும்போது வண்டி 60-இல் போய்க்கொண்டிருக்கும். ஏற்றத்தில் இழுவை குறையும், மூன்றாவது கியரில் ஏறிய வளைவுக்கு இரண்டாவது கேட்கும். வீல் பேரிங், கிங்பின், பின்கதவில் தொங்கும் ஸ்டெப்னியின் கீல் எல்லாம் கூடுதல் எடை சுமக்கும். ஏற்காடு மாதிரி மலைப்பாதையில் தினமும் ஓடும் வண்டிக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன்.

எந்த டயர் வாங்கினாலும் பக்கவாட்டில் நான்கு இலக்க எண்ணைப் பாருங்கள். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. இந்த அளவு டயர்கள் வேகமாக விற்பதில்லை, கடையிலேயே வருடக்கணக்கில் கிடக்கும். பழைய தேதி டயரைப் புது விலைக்கு வாங்காதீர்கள்.

கே: போடியிலிருந்து ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப் என்னுடையது. அதுதான் பிழைப்பு. ரீகண்டிஷன் செய்த கியர்பாக்ஸ் என்று 32,000 ரூபாய் கொடுத்து வாங்கினேன். ஆறு மாத வாரண்டி என்று வாயால் சொன்னார்கள். நாற்பதாவது நாள் செகண்ட் கியர் நிற்காமல் நழுவ ஆரம்பித்தது. எங்கள் மெக்கானிக் பிரித்தால், உள்ளே பழைய பேரிங்கையே கழுவி மாட்டியிருக்கிறார்கள். கடைக்காரர் "நீ ஓவர்லோடு அடித்திருப்பாய்" என்கிறார். என்னிடம் பில் இல்லை, ஒரு எஸ்டிமேட் சீட்டுதான் இருக்கிறது. நியாயம் கிடைக்குமா அண்ணே? (போடிநாயக்கனூர்)

ப: தம்பி, கிடைக்கும். பில் இல்லை என்பதால் நீங்கள் தோற்றுவிடவில்லை.

முதலில், பிரித்த கியர்பாக்ஸை அப்படியே வைத்திருங்கள். மறுபடி சேர்க்க வேண்டாம், கடைக்காரரிடம் திருப்பிக் கொடுக்கவும் வேண்டாம். ஒவ்வொரு பாகத்தையும், பேரிங்கில் பொறித்திருக்கும் எண்ணையும், வெளிச்சத்தில் வைத்துப் படம் எடுங்கள். மெக்கானிக்கிடம் பார்த்ததைத் தேதி போட்டு எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பணத்தை ஜிபேயில் கொடுத்திருந்தால் அந்தப் பதிவே ஆதாரம். கடைக்காரரோடு வாட்ஸ்அப்பில் பேசியிருந்தால் எதையும் அழிக்காதீர்கள். எஸ்டிமேட் சீட்டை ஜெராக்ஸ் எடுத்து அசலைப் பத்திரப்படுத்துங்கள்.

அடுத்து, டெலிவரி ஆனதற்கு அத்தாட்சி கிடைக்கும்படி ஸ்பீட் போஸ்டில் கடைக்கு ஒரு கடிதம். என்ன வாங்கினீர்கள், எப்போது, எவ்வளவு, என்ன ஆனது, 15 நாளில் பணத்தைத் திருப்பித் தர வேண்டும். அவ்வளவு போதும். பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். அதிலும் முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019 சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், கடை எந்த ஊரில் இருந்தாலும் சரி. பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். "தொழிலுக்கு வாங்கிய பொருள், இவர் நுகர்வோரே இல்லை" என்று எதிர்த்தரப்பு வாதாடும். பயப்பட வேண்டாம். சுயதொழில் செய்து பிழைக்க வாங்கியதைச் சட்டம் வணிக நோக்கம் என்ற கணக்கில் சேர்ப்பதில்லை. ஜீப்பை நீங்களே ஓட்டுகிறீர்கள் என்பதை மனுவில் முதல் பத்தியிலேயே எழுதுங்கள்.

இந்த எஸ்டிமேட் சீட்டைப் பற்றி எல்லா வாசகர்களுக்கும் சொல்ல வேண்டும். ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளில் பல வருடமாக நான் பார்த்து மனம் வெறுத்த விஷயம் இது. கடைப் பெயர் இருக்காது, ஜிஎஸ்டி எண் இருக்காது, "கி.பாக்ஸ் 1, 32,000" என்று பேனாவில் கிறுக்கியிருக்கும், மேலே எஸ்டிமேட் என்று அச்சடித்திருக்கும். "பில் வேண்டுமென்றால் வரி சேர்த்துக் கூடுதலாக ஆகும்" என்று கவுண்டரில் சொல்வார்கள். நாமும் அந்தச் சில ஆயிரத்தைப் பார்த்துச் சரி என்று தலையாட்டிவிடுகிறோம். பொருள் கெட்டுப்போகும் நாளில், அந்தக் கடையில் வாங்கினோம் என்று காட்டவே நம் கையில் எதுவும் இருப்பதில்லை. டூப்ளிகேட் கிளட்ச் பிளேட், போலி ஆயில் சீல், கழுவி மாட்டிய பேரிங் எல்லாம் இந்தச் சீட்டின் மறைவில்தான் விற்கின்றன. உண்மையான பொருள் விற்கிறவருக்குப் பில் போடப் பயமே இல்லை.

பில் தராமல் இருப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் நேர்மையற்ற வணிக நடைமுறை என்றே எழுதப்பட்டிருக்கிறது. தம்பி, உங்கள் மனுவில் அதையும் ஒரு தனிக் குறையாகச் சேருங்கள். 200 ரூபாய்க்குக் கீழே வாங்கினால்கூட, நீங்கள் கேட்டால் ஜிஎஸ்டியில் பதிவு செய்த கடைக்காரர் பில் தந்தாக வேண்டும். கேளுங்கள். சென்னை ஜி.பி. ரோடு கடையாக இருந்தாலும், புதுப்பேட்டையில் பழைய சாமான் என்றாலும் கேளுங்கள். இல்லையென்றால் அடுத்த கடைக்குப் போங்கள்.

என்ன ஆனது என்று எனக்குக் கட்டாயம் எழுதுங்கள்.

கே: ஹெட்லைட்டில் 100/90 வாட் பல்பு போட்டேன். ஒரு வாரத்தில் லைட் ஸ்விட்ச் உருகிவிட்டது. ஸ்விட்ச் தரமில்லையா? (தென்காசி)

ப: ஸ்விட்ச் மேல் தப்பில்லை. 60 வாட் பல்பு இரண்டுக்கு 10 ஆம்பியர் போன இடத்தில் 17 ஆம்பியர் விட்டால் பழைய ஒயர் தாங்காது. 60/55-க்கே திரும்புங்கள். பேட்டரியிலிருந்து நேராக ரிலே வைத்து ஒயர் இழுங்கள், அதே பல்பு நன்றாக எரியும்.

கே: வடக்கே ஒருவரிடம் மாடிஃபைடு "வில்லிஸ்" ஜீப் 4.2 லட்சத்துக்கு வாங்கினேன். போட்டோவில் அருமையாக இருந்தது. வண்டி வந்த பிறகு பார்த்தால் ஆர்சியில் வேறு மாடல், வேறு எஞ்சின். சேசிஸ் எண் தகடு ரிவெட் அடித்து ஒட்டியிருக்கிறது. போலீஸ் வண்டியைத் தடுத்து நிறுத்திவிட்டார்கள். பெயர் மாற்ற என்ன வழி? (சேலம்)

ப: வழி இல்லை. பணம் கொடுப்பதற்கு முன் ஆர்சி நகலைக் கேட்டிருந்தால், அதை எம்பரிவாகன் என்ற அரசு செயலியில் ஒரு நிமிடம் போட்டுப் பார்த்திருந்தால், இந்தக் கடிதத்துக்கே தேவை இருந்திருக்காது. 4 லட்ச ரூபாய்ப் பொருளைப் போட்டோ பார்த்து வாங்கியிருக்கிறீர்கள். கடுமையாகச் சொல்கிறேன் என்று தெரியும். இதே கடிதம் எனக்கு ஐந்தாறு முறை வந்துவிட்டது.

ஹரியானாவில் மண்டி டப்வாலி போன்ற ஊர்களில் ஜீப் கட்டுவது நெடுநாள் தொழில். தகர வேலை நன்றாகவே இருக்கும். சிக்கல் காகிதத்தில்தான் வருகிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி, கம்பெனி கொடுத்த விவரத்திலிருந்து வண்டியை மாற்றக்கூடாது. கேரளத்திலிருந்து போன வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை உறுதி செய்தது. உரிமையாளரே மாற்றியிருந்தால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ கிடைக்கலாம். எஞ்சின் மாற்ற வேண்டுமென்றால் ஆர்டிஓவில் முன்கூட்டியே அனுமதி வாங்க வழி உண்டு. சேசிஸ் எண்ணில் கைவைத்தது அந்தக் கணக்கில் வராது.

இனி அதை ஓட்டாதீர்கள், இன்சூரன்ஸ் இருந்தாலும் விபத்தில் பணம் தர மறுக்கலாம். விற்றவர் மேல் மோசடிப் புகார் கொடுங்கள். வக்கீலைப் பாருங்கள். இன்னொருவர் தலையில் கட்டி விற்றுவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள்.

கே: மலைப்பாதை ஏறும்போது தார் ரோட்டிலும் 4எச் (நான்கு சக்கரமும் இழுக்கும் வேக நிலை) போட்டால் நல்ல பிடிப்பு கிடைக்குமா? (வால்பாறை)

ப: காய்ந்த தாரில் போடாதீர்கள். இந்த வண்டிகளில் முன், பின் சக்கரங்களின் வேக வித்தியாசத்துக்கு இடம் கொடுக்கும் நடு டிஃபரன்ஷியல் கிடையாது. முன்ஷாஃப்டும் பின்ஷாஃப்டும் ஒரே வேகத்தில் பூட்டப்படும். வளைவில் முன்சக்கரம் அதிக தூரம் உருள வேண்டும். சேற்றில் என்றால் டயர் வழுக்கிச் சமாளிக்கும், தாரில் வழுக்க முடியாது. அந்த முறுக்கு முழுக்க, இழுவையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்துக் கொடுக்கும் ட்ரான்ஸ்ஃபர் கேஸில் ஏறும். லீவர் சிக்கிக்கொண்டால் நாலடி ரிவர்ஸ் எடுங்கள், விடும்.

கே: 2003 ஜிப்சி ஒன்று பார்த்தேன். அடிப்பக்கம் முழுக்கக் கருப்பு ரப்பர் கோட்டிங் அடித்துப் புதிதுபோல இருக்கிறது. நம்பி வாங்கலாமா? (ஓசூர்)

ப: அந்தக் கோட்டிங்தான் எனக்கு முதல் சந்தேகம். 2011-இல் நான் ஒரு ஜீப் வாங்கினேன். அடியில் குனிந்து விரலால் தொட்டுப் பார்த்தேன், மெத்தென்று கனமாக இருந்தது. முன்னாள் உரிமையாளர் அக்கறையாக வைத்திருக்கிறார் என்று நம்பினேன். மூன்று மாதம் கழித்து வாட்டர் சர்வீஸில் பிரஷர் தண்ணீர் பட்டதும், பின்பட்டை சேசிஸில் சேரும் இடத்தில் பூச்சு தோல் மாதிரி உரிந்து தொங்கியது. உள்ளே பட்டி, அதற்குள் ஃபைபர் துணி, அதற்குள் என் கட்டைவிரல் நுழையும் ஓட்டை. அந்த ஜீப்பில் என் குழந்தைகளை உட்காரவைத்து கொல்லிமலை வளைவுகளில் இறங்கியிருக்கிறேன். இன்றும் நினைத்தால் வயிற்றைப் பிசைகிறது. தகடு வைத்து வெல்டிங் செய்ய 38,000 ரூபாய் ஆனது. விற்றவர் போனை எடுக்கவில்லை.

அதனால் சொல்கிறேன். சின்னச் சுத்தியலால் சேசிஸ் நெடுகத் தட்டிக்கொண்டே போங்கள். கணீரென்று கேட்கும் இடம் நல்ல இரும்பு, மந்தமாகக் கேட்கும் இடத்தில் ஸ்க்ரூடிரைவரால் அழுத்திப் பாருங்கள். தரை மேட்டைத் தூக்குங்கள். கண்ணாடிச் சட்டத்தின் அடி, பின்சக்கர வளைவு, இந்த இரண்டு இடத்திலும் காந்தம் வையுங்கள். பட்டி பூசிய இடத்தில் ஒட்டாது. உரிமையாளர் இதற்கெல்லாம் சம்மதிக்காவிட்டால் கிளம்பி வந்துவிடுங்கள்.

ஆர்சி எதுவரை என்றும் பாருங்கள். 15 வருடத்துக்குப் பிறகு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலில் அந்தக் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது, 20 வருடம் தாண்டிய வண்டிகளுக்கு 2025-இல் இன்னும் கூட்டியிருக்கிறார்கள். அந்தச் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள்.

கே: முன்னால் இரும்பு புல் பார் போட்டிருக்கிறேன். வைத்திருக்கலாமா? (மதுரை)

ப: கழற்றுங்கள். 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு கூடாது என்று சொல்லிவிட்டது. நடந்து போகிறவர் மேல் பட்டால் உயிர் போகும்.

கே: ஜிப்சியை மேம்படுத்த 40,000 ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறேன். விஞ்ச் (சிக்கிய வண்டியை இழுக்கும் கம்பிவடச் சுருள்) வாங்கவா, எல்இடி லைட் பார் வாங்கவா? (கூடலூர்)

ப: இரண்டும் வேண்டாம். முதலில் பிரேக் ஹோஸ் எல்லாவற்றையும் மாற்றி, பிரேக் ஆயிலையும் மாற்றுங்கள். அடுத்து கியர்பாக்ஸ், ட்ரான்ஸ்ஃபர் கேஸ், இரண்டு டிஃபரன்ஷியல் ஆயிலையும் இறக்கிப் பாருங்கள். பால் கலந்த டீ மாதிரி இருந்தால் தண்ணீர் போயிருக்கிறது, சீலையும் பிரீதரையும் (காற்று போகும் துளை) பார்த்தாக வேண்டும். முன்சக்கரத்தின் உள்பக்கம் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் நக்கிள் சீல். பட்டை புஷ், ஷேக்கிள், யூ போல்ட். பின்னால் உட்காருகிறவர்களுக்கு சீட் பெல்ட்.

மீதி இருந்தால் நல்ல இழுவைப் பட்டை ஒன்று, டயருக்குக் காற்றடிக்கும் பம்ப் ஒன்று, ஒரு மண்வெட்டி. கூடலூர்ச் சேற்றில் பெரும்பாலும் இந்த மூன்றே போதும். பில் வாங்க மறக்காதீர்கள்.