எண்ணெய் மண்ணும் பாக்டீரியாப் பொடியும்

கேள்வி: 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் எண்ணெய் படிந்த மண்ணை வாரி வீட்டுக்குப் பின்னால் குவித்திருக்கிறோம். ஒரு டன் இருக்கும். நாற்றம் போகவில்லை. எண்ணெய் தின்னும் மரபணு மாற்றிய பாக்டீரியாப் பொடி என்று ஒருவர் விற்கிறார். வாங்கலாமா?
– வாசகர், காட்டுக்குப்பம், எண்ணூர்

பதில்: வேண்டாம். மரபணு மாற்றிய நுண்ணுயிரை வெளியில் விட 1989-ம் ஆண்டு விதிகளின்படி மத்திய அரசின் அனுமதி தேவை. எண்ணெயைத் தின்னும்படி ஆனந்த மோகன் சக்கரவர்த்தி என்ற விஞ்ஞானி மாற்றி உருவாக்கிய சூடோமோனாஸ் பாக்டீரியாவுக்குக் காப்புரிமை தரலாம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1980-ல் தீர்ப்பளித்தது. அதைக்கூடக் கடல் எண்ணெய்க் கசிவில் இறக்கிவிடவில்லை.

எண்ணெய் தின்னும் பாக்டீரியா உங்கள் மண்ணிலேயே இருக்கிறது. அதற்கு இல்லாதது காற்றும் உரமும்தான். எண்ணெயில் கார்பன் மட்டும் மலிந்து கிடக்கிறது. 100 பங்கு கார்பனுக்கு 10 பங்கு நைட்ரஜனும் 1 பங்கு பாஸ்பரஸும் நாம் கொடுக்க வேண்டும்.

முதலில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குத் தெரிவித்து, மண்ணை ஆய்வகத்தில் கொடுத்து எண்ணெய் அளவைப் பாருங்கள். 10 சதவீதத்தைத் தாண்டினால் நீங்கள் தொட வேண்டாம், அவர்களே அகற்றட்டும். 3 சதவீதம் என்றால் ஒரு டன்னில் 30 கிலோ எண்ணெய், அதில் கார்பன் சுமார் 25 கிலோ. அதற்கு 5 கிலோ யூரியாவும் ஒன்றேகால் கிலோ டிஏபி உரமும் போதும்.

தடித்த தார்ப்பாயை விரித்து, சுற்றிலும் வரப்பு கட்டி, ஆறடிக்கு ஆறடியில் 20 செ.மீ. உயரத்துக்கு மண்ணைப் பரப்புங்கள். இறுகிய களிமண்ணாக இருந்தால் நறுக்கிய வைக்கோலைக் கலந்துவிடுங்கள். டிஏபியை முதல் இரண்டு வாரத்தில் பாதிப் பாதியாகப் போடுங்கள். யூரியா வாரம் அரைக் கிலோ, பத்து வாரம். மொத்தமாகக் கொட்டினால் அம்மோனியா நாற்றமெடுக்கும். ஏற்கெனவே உப்பான மண் இன்னும் உப்பாகி பாக்டீரியா சுருண்டுவிடும். வாரத்துக்கு ஒருமுறை அடிவரை கிளறுங்கள், கையுறை இல்லாமல் தொடாதீர்கள். பிடித்தால் உருண்டையாக வர வேண்டும், நீர் சொட்டக் கூடாது. அழுகிய முட்டை நாற்றம் வந்தால் காற்று போகவில்லை என்று பொருள். மழைக்கு மூடி வையுங்கள், உரம் ஆற்றில் கலந்தால் பாசி பெருகி மீன் மூச்சுமுட்டிச் சாகும்.

டீசல் போன்ற லேசான பகுதி சில மாதங்களில் குறையும். தார் போன்ற கருமை தங்கிவிடும். நிக்கல், வனேடியம் போன்ற உலோகங்களை எந்தப் பாக்டீரியாவும் தின்று தீர்க்காது. ஆகவே அந்த மண்ணில் கீரை போடாதீர்கள்.

அலையாத்திச் சேற்றுக்கு இந்த முறை பொருந்தாது. அங்கே மேல்தோலுக்குக் கீழே காற்றே இல்லை. இறங்கி மிதித்தால் எண்ணெய் இன்னும் ஆழத்துக்குப் போய்விடும்.

கேள்வி: வலையில் ஒட்டிய கறுப்பு எண்ணெய்க்கு என்சைம் பவுடர் உதவுமா?
– வாசகர், காசிமேடு

பதில்: நேரடியாக உதவாது. சலவைப் பவுடரில் உள்ள லிப்பேஸ் என்ற என்சைம், கொழுப்பில் இருக்கும் எஸ்டர் என்ற வேதிப் பிணைப்பைத்தான் வெட்டும். வலையில் ஒட்டிய கனிம எண்ணெயில், அதாவது பெட்ரோலிய எண்ணெயில், அந்தப் பிணைப்பு கிடையாது. கனிம எண்ணெயைச் சிதைக்கும் என்சைமுக்கு உயிருள்ள செல்லின் துணை வேண்டும், பொடியாக வந்தால் வேலை செய்யாது. முதலில் சமையல் எண்ணெயைத் தேய்த்துக் கறுப்பை இளக்கித் துடையுங்கள். மிஞ்சும் சமையல் எண்ணெய்ப் பிசுக்கை வெதுவெதுப்பான நீரில் அந்தப் பவுடர் எடுத்துவிடும். கொதிநீரில் என்சைம் செயலிழந்துவிடும். கழுவிய நீரையும் துடைத்த துணியையும் கடலில் விடாதீர்கள்.