பொட்டலில் நிற்கும் கேரவனுக்கு மட்டம் பார்ப்பது எப்படி? வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: திருவிழாவுக்கு ஊருக்கு வந்தால் பூர்வீக வீட்டில் எல்லோருக்கும் இடம் போதுவதில்லை. காருக்குப் பின்னால் இழுத்து வந்த கேரவனை வீட்டெதிரே பொட்டலில் நிறுத்துகிறோம். கை கழுவிய தண்ணீர் தொட்டியில் அப்படியே தேங்குகிறது. கேஸில் ஓடும் ஃபிரிட்ஜ் குளிரவில்லை. நான்கு மூலை ஜாக்கியையும் சுற்றித் தூக்கிப் பார்த்தோம்; இப்போது கதவு சாத்த மறுக்கிறது. இதில் தூங்கினால் கட்டிலிலிருந்து உருண்டு விழுவேன் என்கிறார் வீட்டு ஆச்சி. எங்கே தவறு?
– வாசகர், கானாடுகாத்தான்

பதில்: மூலை ஜாக்கியைக் கொண்டு தூக்கியதுதான் தவறு. உள்ளே நடக்கும்போது வண்டி ஆடாமல் இருக்க முட்டுக் கொடுப்பதோடு அதன் வேலை முடிந்தது. வண்டியின் பாரத்தை அது சுமக்காது. ஒரு மூலையை மட்டும் உயர்த்தினால் அடிச்சட்டம் முறுக்கிக்கொள்ளும், கதவு நிலை கோணலாகும், கதவு பிடிக்கும். முதல் வேலையாக நான்கையும் தளர்த்துங்கள். கதவு பழையபடி சாத்தினால் பயமில்லை.

பக்கவாட்டு மட்டத்தைச் சக்கரத்தில் பார்க்க வேண்டும். முன்பின் மட்டத்தை, காரில் மாட்டும் கொக்கியை ஒட்டியிருக்கும் முன் ஜாக்கியில் பார்க்க வேண்டும். பக்கவாட்டுதான் முதலில், அதுவும் காரைக் கழற்றுவதற்கு முன்பே. கழற்றிய பிறகு சக்கரத்தைப் பலகைமேல் ஏற்ற வண்டியை இழுக்க ஆள் கிடையாது.

எவ்வளவு ஏற்றுவது? கொத்தனார் வைத்திருக்கும் 1 மீட்டர் ரசமட்டத்தை வண்டிக்குள், சக்கர அச்சுக்கு நேர்மேலே, தரையில் குறுக்காக வையுங்கள். தாழ்ந்த முனைக்கு அடியில் சிம்பு, அட்டை எதையாவது அண்டக்கொடுத்துக் குமிழியை நடுவுக்குக் கொண்டுவாருங்கள். அந்த இடைவெளி 2.5 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். இடது சக்கரத்துக்கும் வலது சக்கரத்துக்கும் இடையே 1.8 மீட்டர் என்றால், 2.5 × 1.8 = 4.5 செ.மீ. தாழ்ந்த பக்கச் சக்கரம் அவ்வளவு ஏற வேண்டும். கண்ணளவை நம்பாதீர்கள். நம் பக்கத்துப் பொட்டல்கள் மழைத்தண்ணீர் ஊருணிக்குப் போகும்படி வாட்டம் கொண்டவை. பார்வைக்குத் தட்டையாகவே தெரியும்.

பலகை 25 செ.மீ. அகலமாவது இருக்கட்டும். டயரின் முழு அகலமும் அதன்மேல் உட்கார வேண்டும். ஓரம் வெளியே தொங்கினால் பாரமெல்லாம் ஒரு பக்கமே விழுந்து டயரின் உள்நூல் கெடும். 4.5 செ.மீ.க்கு 2.5 செ.மீ. பலகையை அடியிலும் 2 செ.மீ. பலகையை மேலேயும் போடுங்கள். அடிப்பலகை 90 செ.மீ., மேலது 50 செ.மீ. இருந்தால் சக்கரம் படியேறுவதுபோல் ஏறும். முனைகளைச் சாய்வாக அறுத்துவிட்டால் இன்னும் நல்லது. இரட்டை அச்சு வண்டியில் அந்தப் பக்கத்து இரண்டு சக்கரமும் ஒரே உயரம் ஏற வேண்டும். ஒன்றை மட்டும் ஏற்றினால் பாரம் முழுக்க அதன் தலையில். 10 செ.மீ.க்கு மேல் தேவைப்பட்டால் பலகை அடுக்காமல் இடத்தை மாற்றுங்கள்.

ஏற்றியதும் ஹேண்ட்பிரேக் போட்டு, இரு பக்கச் சக்கரங்களுக்கும் முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். கட்டை கொடுக்காமல் கொக்கியைக் கழற்றினால் வாட்டத்தில் வண்டி உருளும், காலில் ஏறும். அதன் பிறகுதான் முன் ஜாக்கியை இறக்கிக் காரைப் பிரிக்க வேண்டும். கொக்கி விடுபட்ட உயரத்தை ஜாக்கித் தண்டில் சாக்பீஸால் குறித்துவைத்தால், புறப்படும் நாளில் காரை மாட்ட லேசாக இருக்கும். இப்போது ரசமட்டத்தை நீளவாக்கில் வைத்து முன் ஜாக்கியை ஏற்றி இறக்குங்கள். கடைசியாக மூலை ஜாக்கிகள்: தரையைத் தொடும்வரை இறக்கி, அதற்குமேல் அரைச் சுற்று. போதும்.

ஃபிரிட்ஜ் விஷயம் சற்றுப் பெரியது. கேஸ் ஃபிரிட்ஜில் மோட்டார் கிடையாது. அம்மோனியா கலந்த நீர் தன் எடையாலேயே குழாய்களில் இறங்கி ஓட வேண்டும். வண்டி சாய்ந்து நின்றால் அது ஓரிடத்தில் தேங்கும், கொதிகுழாய் அளவுக்கு மீறிச் சுடும், துருப்பிடிக்காமல் இருக்கச் சேர்த்த உப்பு கட்டியாகி வழியை அடைக்கும். அப்படி அடைத்ததைச் சரிசெய்ய முடியாது. குளிரூட்டும் பகுதியையே மாற்ற வேண்டும். பழைய மாடல்களுக்குப் பொதுவாக ஒரு திசையில் 3 டிகிரியும் மறு திசையில் 6 டிகிரியும் எல்லை. உங்கள் ஃபிரிட்ஜின் கையேட்டில் உள்ளதே உங்களுக்குக் கணக்கு. 1.8 மீட்டரில் 3 டிகிரி என்பது சுமார் 9.5 செ.மீ. வண்டி ஓடும்போது குலுக்கலில் நீர் நகர்ந்துகொண்டே இருப்பதால் பயமில்லை. நின்ற இடத்தில் மணிக்கணக்கில் சாய்ந்திருப்பதுதான் ஆபத்து. மட்டம் பார்த்த பிறகு ஃபிரிட்ஜைப் போடுங்கள். 12 வோல்ட் கம்ப்ரெசர் ஃபிரிட்ஜ் இவ்வளவு கோபப்படாது.

கேள்வி: ஐப்பசி மழையில் சரியாக மட்டம் பார்த்து நிறுத்தினோம். விடிந்து பார்த்தால் முன்பக்கம் இறங்கியிருந்தது.
– வாசகர், தேவகோட்டை

பதில்: செம்மண் காய்ந்திருக்கும்போது கல் மாதிரி, நனைந்தால் களி. முன் ஜாக்கியின் தகடு 10 செ.மீ. சதுரம், அதன்மேல் 150 கிலோ பாரம் என்றால் சதுர செ.மீ.க்கு 1.5 கிலோ. அதே பாரத்தை 30 செ.மீ. சதுரப் பலகையில் பரப்பினால் 170 கிராம்கூட வராது. கனம் 4 செ.மீ. இருக்கட்டும், மெல்லிய பிளைவுட் நடுவில் வளைந்து வேலைக்கு ஆகாது. சரளை மேட்டைத் தேடி நிறுத்துங்கள். கண்மாய் உள்வாய்ப் பக்கம் எவ்வளவு நிழலாக இருந்தாலும் வேண்டாம். சக்கரம் புதைந்தால் டிராக்டர் வந்துதான் எடுக்க வேண்டும். எந்த மண்ணானாலும் முதல் இரவு கழிந்ததும் மறுபடி மட்டம் பாருங்கள்.

கேள்வி: ரசமட்டம் எதற்கு, செல்போனிலேயே மட்டம் பார்க்கலாமே?
– வாசகர், பள்ளத்தூர்

பதில்: பார்க்கலாம். பின்பக்கம் புடைத்திருக்கும் கேமராதான் பொய் சொல்லும்; போனைக் குப்புற வைக்காமல் நீளவிளிம்பில் நிறுத்திப் பாருங்கள். ரசமட்டமும் பொய் சொல்வதுண்டு: அதே இடத்தில் முனை மாற்றித் திருப்பி வையுங்கள், குமிழி வேறு பக்கம் போனால் கருவியில்தான் கோளாறு. படுக்கைமேல் வைத்துப் பார்க்காதீர்கள்.

கேள்வி: எங்களுடையது இழுவை வண்டி இல்லை, வேனைக் கேரவனாக மாற்றியது. ஜாக்கி போட்டுத் தூக்கலாமா?
– வாசகர், காரைக்குடி

பதில்: கூடாது. ஹேண்ட்பிரேக் பின்சக்கரத்தைத்தான் பிடிக்கிறது; அது தரையை விட்டு எழும்பினால் பிரேக் இருந்தும் இல்லாததுபோல்தான். பலகைமேல் ஓட்டி ஏற்றுங்கள். பின்னால் ஜோடி டயர் இருந்தால் இரண்டும் பலகையில் உட்கார வேண்டும். ஒன்று மட்டும் ஏறினால் இருவர் பாரத்தை ஒருவர் சுமப்பார்.

கேள்வி: வீட்டில் பழைய ஆத்தங்குடிக் கற்கள் மிச்சம் கிடக்கின்றன. பலகைக்குப் பதில் அடுக்கலாமா?
– வாசகர், கோவிலூர்

பதில்: ஐயோ, வேண்டாம். அது சூளையில் வேகாத சிமெண்ட் கல். அடியில் தளம் முழுதாகத் தாங்கினால்தான் நிற்கும், பொட்டல் மண்ணில் டயர் ஏறியதும் உடையும். முகமும் வழவழப்பு, மழையில் டயர் வழுக்கும். ஹாலோ பிளாக்கும் அப்படியே: எந்த எச்சரிக்கையும் இல்லாமல் நொறுங்கி வண்டியைச் சட்டென்று இறக்கிவிடும். வேம்போ வேங்கையோ, பழைய மரவாடியில் கேட்டால் துண்டுப் பலகையாகவே தருவார்கள்.