கேளுங்க, தெரிஞ்சதைச் சொல்றேன்

இந்த மாசம் வந்த கேள்வி பூரா பள்ளிக்கூடத்தைப் பத்தியே. கல்வி ஆபீஸ்ல கிளார்க்கா நுழைஞ்சு சூப்பிரண்டா வெளிய வந்தவன்ங்கறதால எடிட்டர் மொத்தக் கட்டையும் என் தலையில கட்டிட்டார்.

கேள்வி: எங்க வீடு ரெட்டிச்சாவடி. முள்ளோடை செக்போஸ்ட் தாண்டினா பாண்டி. அங்க மழை லீவுன்னு ராத்திரியே டிவில ஓடுது, இங்க பசங்க யூனிஃபார்ம் போட்டு, டிபன் பாக்ஸ் கட்டி, வாசல்ல நிக்கிறப்பதான் நமக்கு நியூஸ் வருது. ஒரே மேகம்தானே சார்?
— ஒரு வாசகி, ரெட்டிச்சாவடி

பதில்: மேகம் ஒண்ணுதாம்மா, லீவு சொல்றவங்க வேற. பாண்டில கல்வி அமைச்சரே சொல்லிடுவார், ஊரும் சின்னது. நம்ம பக்கம் மழை லீவு கலெக்டர் கையில. கடலூர் மாவட்டம் எம்மாம் நீளம்னு பாருங்க, பரங்கிப்பேட்டைல அலை ரோட்டுக்கு வர்ற அன்னிக்கு வேப்பூர் பக்கம் தூறல்கூட இருக்காது, அதனால வானிலை மையம் சொன்னது, தாசில்தார் சொன்னது, மாவட்டக் கல்வித்துறைக்குத் தலைவரான சிஇஓ சொன்னது எல்லாத்தையும் கேட்டுட்டு மாவட்டம் முழுக்கவா சில தாலுகா மட்டுமான்னு முடிவு பண்ணணும், அதுக்குள்ள விடிஞ்சிடுது.

இன்னொண்ணு, லீவு மழைக்கு மட்டும் விடறதில்ல. 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் பாண்டிகிட்ட கரை ஏறிச்சே, அப்புறம் சாத்தனூர் அணையில திறந்த தண்ணி தென்பெண்ணையில வந்து ஆத்தங்கரை ஊரெல்லாம் முங்குச்சு, அப்ப இங்க மழையே விட்டுப்போச்சு. ஆனா ஜனங்களைக் கொண்டாந்து தங்க வச்சது எங்க? பள்ளிக்கூடத்துலதான். கிளாஸ்ரூம்ல பாயும் பாத்திரமும் கிடக்கறப்ப பசங்களை எங்க உக்கார வைக்கிறது? அந்த லீவுக்கெல்லாம் அப்புறம் சனிக்கிழமை வச்சு ஈடுகட்டறது சிஇஓ ஆபீஸ் வேலை, அதுக்குப் பசங்க திட்டறது மட்டும் ஹெட்மாஸ்டரை.

கேள்வி: சிஇஓ பெரியவரா, டிஇஓ பெரியவரா?
— ஒரு வாசகர், பண்ருட்டி

பதில்: சிஇஓதான். மாவட்டத்துக்கு ஒருத்தர், முதன்மைக் கல்வி அலுவலர். அவருக்குக் கீழ டிஇஓங்க (மாவட்டக் கல்வி அலுவலர்), ஒன்றியத்துல பிஇஓங்க (வட்டாரக் கல்வி அலுவலர்). 2018ல எல்லாத்தையும் சிஇஓகிட்ட குவிச்சாங்க, 2022ல மறுபடி பிரிச்சு தொடக்கக் கல்விக்கு ஒரு டிஇஓ, இடைநிலைக்கு ஒரு டிஇஓ, தனியார் பள்ளிக்கு ஒரு டிஇஓன்னு ஆக்கினாங்க. ஒவ்வொரு தடவையும் போர்டை அழிச்சு எழுதின பெயிண்டருக்குத்தான் லாபம்.

கேள்வி: எங்க ஊர் யூனியன் ஸ்கூல்ல 61 பசங்க படிக்கிறாங்க. நான் எஸ்எம்சி (பள்ளி மேலாண்மைக் குழு) மெம்பர், நானே எண்ணிப் பார்த்தேன். ஆனா 58தான்னு சொல்லி மூணாவது டீச்சரை வேற ஸ்கூலுக்கு மாத்திட்டாங்க. யாரு எடுத்த முடிவு இது? எங்க போய்க் கேக்கறது?
— ஒரு அம்மா, குறிஞ்சிப்பாடி ஒன்றியம்

பதில்: யாரும் உங்க ஊர்மேல கோவப்பட்டு எடுத்த முடிவு இல்லம்மா, கம்ப்யூட்டர் எடுத்த முடிவு. 2009ல வந்த கல்வி உரிமைச் சட்டத்துல ஒரு அட்டவணை இருக்கு, ஒண்ணாவதுல இருந்து அஞ்சாவது வரைக்கும் 60 பசங்க வரை ரெண்டு டீச்சர், 61ல இருந்து 90 வரை மூணு. ஒரே ஒரு குழந்தைதான் வித்தியாசம் பாருங்க. வருஷா வருஷம் ஆகஸ்ட் 1ஆம் தேதி எண்ணிக்கையை வச்சுதான் கணக்கு போடுவாங்க, ஸ்டாஃப் ஃபிக்ஸேஷன்னு பேரு, அதுல உபரின்னு வந்தவங்களைப் பணி நிரவல்ல தூக்கிடுவாங்க. அந்த எண்ணிக்கை கிளாஸ்ல உக்காந்திருக்கிற தலையை எண்ணி வர்றதில்ல, கல்வித்துறையோட கம்ப்யூட்டர் பதிவான எமிஸ்ல இருந்து வருது.

நீங்க எண்ணினதும் சரியா இருக்கும், அவங்க 58ங்கறதும் சரியா இருக்கும். மூணு பசங்க ஜூன்லயோ ஜூலைலயோ தனியார் பள்ளியில இருந்து வந்திருப்பாங்க. பழைய ஸ்கூல் ஃபீஸ் பாக்கின்னு டிசி தராம பேரைத் தங்கிட்டயே வச்சிருப்பாங்க. அவங்க விடுவிச்சாதான் பேரு காமன் பூலுக்கு (எமிஸ்ல எந்த ஸ்கூல்லயும் சேராத பசங்க பட்டியல்) வரும், அங்க இருந்து உங்க ஹெச்எம் இழுத்துக்கணும். அதுவரைக்கும் அந்தப் புள்ளைங்க உங்க ஸ்கூல்ல சத்துணவு சாப்பிடும், வாய்ப்பாடு சொல்லும், எமிஸ்ல மட்டும் பக்கத்து ஊர்ல படிக்கும்.

டிசி வரலைன்னு அட்மிஷனைத் தள்ளிப்போடக் கூடாதுன்னு அதே சட்டம் 5ஆம் பிரிவுல சொல்லுது. ஃபீஸ் வசூலிக்க டிசியைப் பிடிச்சு வைக்கக் கூடாதுன்னு 2024ல ஹைகோர்ட்டும் சொல்லியாச்சு. அதனால அந்த மூணு புள்ளைங்க பேரு, சேர்ந்த தேதி, பழைய ஸ்கூல் எதுன்னு எல்லாம் எழுதி ஹெச்எம் கையெழுத்தோட முதல்ல பிஇஓகிட்ட கொடுங்க, காப்பி தொடக்கக் கல்வி டிஇஓவுக்கு. நேரா கலெக்டர் ஆபீஸ் போகாதீங்க, திங்கக்கிழமை மனுநாள்ல குடுத்தாலும் அது சுத்தி சுத்தி அதே பிஇஓ மேஜைக்குத்தான் வரும், ரெண்டு வாரம் லேட்டா. இந்த வருஷம் போன டீச்சர் திரும்பறது கஷ்டம், பொய் சொல்ல விரும்பல. அடுத்த ஜூலைல நீங்களே எமிஸ் லிஸ்டைக் கேட்டு வாங்கிப் பாத்துடுங்க.

கேள்வி: ஸ்கூல் கூரை ஒழுகுது. ஹெச்எம் "என் கையில இல்ல"ங்கறார், பிஇஓ "பிடிஓகிட்ட (வட்டார வளர்ச்சி அலுவலர்) போங்க"ங்கறார், பிடிஓ ஆபீஸ்ல "ஸ்கூல்ல இருந்து லெட்டர் வரல"ங்கறாங்க. விளையாடறாங்களா?
— ஒரு வாசகர், கீரப்பாளையம்

பதில்: கோவம் நியாயம்தான் தம்பி, ஆனா மூணு பேருமே உண்மையத்தான் சொல்றாங்க. ஒரு யூனியன் ஸ்கூலுக்கு எத்தனை ஓனர் தெரியுமா? டீச்சர் கல்வித்துறை. கட்டடம் பஞ்சாயத்து யூனியன். சத்துணவு சமூக நலத்துறைத் திட்டம், ஆனா அதைப் பார்த்துக்கறது பிடிஓ ஆபீஸ். புத்தகம் மெட்ராஸ்ல பாடநூல் கழகம். ஹைஸ்கூலா இருந்தா கட்டடத்துக்குப் பொதுப்பணித்துறைன்னு மறுபடி வேற கதை.

ஹெச்எம் கையில காசே இல்லையான்னா இருக்கு. ஒன்றிய அரசோட பள்ளிக் கல்வித் திட்டமான சமக்ர சிக்ஷால வருஷத்துக்கு ஒரு மானியம், பசங்க எண்ணிக்கையைப் பொறுத்து. 31ல இருந்து 100 பசங்கன்னா 25,000 ரூபா, 250 வரைக்கும் 50,000. அதுலயே 10 பங்குல ஒரு பங்காவது சுத்தம் சுகாதாரத்துக்கு. மிச்சத்துல சாக்பீஸ், ரிஜிஸ்டர், ரிப்பேர், எல்லாம். கூரையில உடைஞ்ச ஓடு மாத்தலாம், கான்கிரீட் தளம் ஒழுகினா தாங்காது. அந்தக் காசும் ஒழுங்கா வரணுமே, 2024-25ல பிஎம்ஸ்ரீங்கற ஒன்றிய அரசுப் பள்ளித் திட்டத்துல சேர மாட்டோம்னு சொன்ன தகராறுல தமிழ்நாட்டுக்கு வரவேண்டிய 2,152 கோடியை ஒன்றிய அரசு நிறுத்தி வச்சுது, டெல்லில நின்ன காசு கீரப்பாளையத்துல ஒழுகுது.

பெரிய ரிப்பேருக்கு வழி ஒண்ணுதான். எஸ்எம்சில தீர்மானம் போட்டு, போட்டோ வச்சு, ஹெச்எம் லெட்டரா பிடிஓவுக்குப் போகணும், காப்பி பிஇஓவுக்கு. அப்புறம் யூனியன் இன்ஜினியர் வந்து பாத்து எஸ்டிமேட் போடணும், எந்த நிதியில செய்யறதுன்னு முடிவாகணும், நிர்வாக அனுமதி, டெண்டர். தீர்மானத்தை எஸ்எம்சிக்குன்னு இருக்கிற பேரண்ட்ஸ் ஆப்லயும் ஏத்தச் சொல்லுங்க.

லெட்டர் வரலன்னு சொல்றாங்களே, அதுக்கு ஒரு கதை. நான் வேலை பார்த்த ஒரு ஆபீஸ்ல (எதுன்னு கேக்காதீங்க) ஒரு ஹெச்எம் நாலு மாசமா இதே கூரைக்கு நடந்தார். தபால் வந்தா சீல் குத்தி, தேதி போட்டு, செக்‌ஷன் கிளார்க்கோட தன்பதிவேட்டுல ஏறி ஒரு ந.க. நம்பர் (ஃபைலோட அடையாள நம்பர்) விழணும். அவர் லெட்டருக்கு நம்பரே விழல. தேடித் தேடிப் பாத்தா ஃபேன் காத்துக்குப் பறக்காம இருக்க நாலா மடிச்சு ஜன்னல் கொக்கியில சொருகியிருந்துச்சு, மழைத் தண்ணி பட்டு மை கலங்கிப்போய். கூரை ஒழுகறதுக்கு எழுதின லெட்டர்! அன்னில இருந்து யார் வந்தாலும் நான் சொல்றது இதான், லெட்டரை ரெண்டு காப்பி எடுத்துட்டுப் போங்க, ஒண்ணுல சீல் வாங்குங்க, ரெண்டு நாள் கழிச்சு போன் பண்ணி ந.க. நம்பர் என்னன்னு மட்டும் கேளுங்க. நம்பர் இருந்தாதான் அது ஃபைல், இல்லன்னா வெறும் பேப்பர்.

கேள்வி: என் பொண்ணு நியூஜெர்சில இருக்கா. அங்க ஸ்கூல் நிர்வாகத்துக்கு எலெக்‌ஷனே நடக்குதாம், ஜனங்க மைக் பிடிச்சுக் கேள்வி கேக்கறாங்களாம். நம்ம ஊர்ல ஏன் இல்ல?
— ஒரு வாசகர், லாஸ்பேட்டை

பதில்: ஆமாங்க, அங்க பெரும்பாலும் ஸ்கூல் போர்டை ஜனங்க ஓட்டு போட்டுத் தேர்ந்தெடுக்கறாங்க, அந்த போர்டு ஒரு சூப்பிரண்டெண்டை வேலைக்கு வைக்குது, பனி கொட்டினா லீவு விடறதுகூட அவர்தான். செலவுல பெரும்பங்கு அந்த ஊர் வீட்டு வரியிலதான். சொந்தக் காசுன்னா மைக் பிடிக்கத் தோணும்ல. ஆனா பணக்கார ஊர் ஸ்கூல் ஒரு மாதிரி, ஏழை ஊர் ஸ்கூல் ஒரு மாதிரின்னு அங்கயும் சண்டை ஓயல.

உங்க பாண்டில நேர்மாறு, எல்லாம் ஒரு டைரக்டரேட், ஒரு அமைச்சர். அரசுப் பள்ளியெல்லாம் சிபிஎஸ்இக்கு மாறினது மேல இருந்து வந்த முடிவு, எந்த ஊர்லயும் ஓட்டுக்கு விடல.

நம்மகிட்ட அந்த மாதிரி இருந்ததே இல்லன்னும் சொல்ல முடியாது. கடலூர் தலைமையில தென்னாற்காடு ஜில்லா போர்டு இருந்துச்சு, உள்ளூர்ல தேர்ந்தெடுத்தவங்க பள்ளிக்கூடம் நடத்தினாங்க, பெருசுங்க இன்னும் "போர்டு ஸ்கூல்"னு சொல்றாங்களே, அது கரும்பலகை இல்ல. 1958 பஞ்சாயத்துச் சட்டத்தோட அந்த போர்டு போச்சு, யூனியன் வந்துச்சு. 1981 ஜூன்ல யூனியன் டீச்சருங்களை அரசு ஊழியரா ஆக்கினாங்க. டீச்சருக்கு மாசம் பிறந்தா சம்பளம் நிச்சயமாச்சு, அது பெரிய விஷயம், ஆனா ஊருக்கும் டீச்சருக்கும் இருந்த கயிறும் அதோட அறுந்துச்சுன்னு நான் நினைக்கிறேன். மிச்சம் இருக்கிறது எஸ்எம்சிதான், முக்கால்வாசி மெம்பர் பெத்தவங்களா இருக்கணும்னு சட்டம். மைக் கிடையாது, மாசா மாசம் பாயைப் போட்டு உக்காந்தா போதும்.

கேள்வி: மனு குடுத்து மூணு மாசம் ஆச்சு. பதிலே இல்ல.
— ஒரு வாசகி, சிதம்பரம்

பதில்: ந.க. நம்பர் இருக்கா? இருந்தா பத்து ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டி, "இந்த நம்பர் ஃபைல் இப்ப எந்த செக்‌ஷன்ல, எந்தத் தேதியில இருந்து இருக்கு"ன்னு தகவல் உரிமைச் சட்டத்துல ஒரே ஒரு கேள்வி கேளுங்க. 30 நாள்ல பதில் சொல்லியாகணும். நாலு பக்கம் எழுதாதீங்க, நாலு பக்கம் எழுதினா எங்களுக்குத் தப்பிக்கிறது ரொம்ப சுலபம்.