பழங்காசுக் கடையில் பேரம்: மகளைப் பற்றிக் கவலைப்படும் தந்தைக்கு

மதிப்பிற்குரிய ஐயா,

வரலாற்றில் முதுகலை முடித்த உங்கள் மகள், அரசுத் தேர்வுகளுக்குப் படிப்பதை நிறுத்திவிட்டு, திருச்சியில் தாய்மாமன் நடத்தும் பழங்காசுக் கடையை ஏற்று நடத்த விரும்புவதாக எழுதியிருந்தீர்கள். "குரலை உயர்த்திப் பேசத் தெரியாத பெண், பேரம் பேச வருகிறவர்களிடம் எப்படித் தாக்குப்பிடிப்பாள்?" என்பதே உங்கள் கடிதம் முழுவதும் இருந்தது, வருமானத்தைப் பற்றி ஒரே ஒரு வரிதான். ஆகவே நானும் அந்த அச்சத்தையே எடுத்துக்கொள்கிறேன். பதில் எழுதுவதற்கு முன்னால், உங்கள் மைத்துனரின் இசைவோடு ஒரு சனிக்கிழமை முழுவதும் அவருடைய கடையின் ஓரத்தில் அமர்ந்திருந்தேன். அங்கே நான் கண்டவரையில், பேரத்தைத் தீர்மானித்தது யாருடைய குரலும் அன்று. சொன்ன விலைக்கு உரிய காரணத்தை மேசைமேல் எடுத்து வைக்க முடிந்ததா என்பதுதான்.

அன்று காலையில் முதலில் வந்தவர் ஒரு முதியவர். மடித்த வேட்டித் துணியிலிருந்து இரண்டு வெள்ளி ரூபாய்களை எடுத்து வைத்தார். இரண்டிலும் ஆறாம் ஜார்ஜ் மன்னரின் தலை. ஒன்று 1938ஆம் ஆண்டினது, மற்றொன்று 1944. முதல் காசுக்குச் சொன்ன விலையில் ஏறக்குறையப் பாதியைத்தான் இரண்டாவதற்கு உங்கள் மைத்துனர் சொன்னார். பெரியவர் எழுந்தே விட்டார். "ஒரே ராசா, ஒரே எடை, இதுக்கு மட்டும் பாதி விலையா? ஆளைப் பார்த்து விலை சொல்றியா தம்பி?" என்று கேட்டது தெருவுக்கே கேட்டிருக்கும். உங்கள் மைத்துனர் மறுத்துப் பேசவில்லை. இரண்டு காசுகளையும் தனித்தனியே தராசில் வைத்துக் காட்டினார், இரண்டும் 11.66 கிராம், அதாவது பழைய ஒரு தோலா எடை. பிறகு பட்டியல் நூலைத் திறந்து, 1939 வரை வெளிவந்த ரூபாயில் ஆயிரத்துக்கு 917 பங்கு வெள்ளி இருந்ததையும், போர்க்கால வெள்ளித் தட்டுப்பாட்டில் 1940 முதல் அது 500 பங்காகக் குறைக்கப்பட்டதையும் காட்டினார். முதல் காசில் சுமார் 10.69 கிராம் வெள்ளி, இரண்டாவதில் 5.83 கிராம். அன்றைய வெள்ளி விலையை ஒரு துண்டுத் தாளில் எழுதி, கணக்குப் பொறியைப் பெரியவரின் கையிலேயே கொடுத்துப் பெருக்கச் சொன்னார். பெரியவர் இரண்டு முறை பெருக்கிப் பார்த்தார். பிறகு ஒரு காசை விற்றுவிட்டு, மற்றதைப் பேரனுக்கு என்று சொல்லி எடுத்துச் சென்றார்.

இந்தப் பேரத்தில் உங்கள் மகளால் செய்ய முடியாதது எது என்று யோசித்துப் பாருங்கள். கோபப்பட்டவர் தன்னை ஏமாற்றுகிறார்கள் என்று நினைத்துத்தான் கோபப்பட்டார். அந்த ஐயத்துக்கு விடை தராசிலும் ஆண்டிலும் இருந்தது. அவள் கற்றுக்கொள்ள வேண்டியது இதைத்தான்: எந்த ஆண்டில் எந்த நாணயச் சாலை அச்சிட்டது, என்ன உலோகம், என்ன எடை, போலி எங்கே பிழை செய்யும் என்பது. எடுத்துக்காட்டாக, 1939ஆம் ஆண்டு ரூபாய் மிக அரியது. அதனாலேயே அதற்குப் போலிகளும் அதிகம். இதை அறியாதவர் எவ்வளவு வாய்ச்சாலம் உள்ளவராக இருந்தாலும் ஒரே கொள்முதலில் மூன்று மாத லாபத்தை இழப்பார்.

விற்க வருகிறவர்களில் இன்னொரு வகையினர் உண்டு. அவர்களைக் கையாள்வதுதான் உண்மையிலேயே கடினம் என்று எனக்குத் தோன்றியது. நண்பகலில் பெரம்பலூர்ப் பக்கத்திலிருந்து பேருந்தில் ஒருவர் வந்தார். வைஷ்ணவ தேவி உருவம் பொறித்த, 2012இல் வெளிவந்த ஐந்து ரூபாய் நாணயம் ஒன்று அவரிடம் இருந்தது. அதற்குப் பல லட்சம் கிடைக்கும் என்று கைப்பேசியில் ஒரு காணொளி சொல்லியிருந்தது. மகளின் கல்லூரிக் கட்டணத்தை அதை நம்பியே நாள் தள்ளிப் போட்டிருந்தார். அவரிடம் "இதற்கு மதிப்பில்லை" என்று ஒரே வரியில் சொல்லியிருந்தால், குறைந்த விலைக்குத் தட்டிப்பறிக்கப் பார்க்கிறார்கள் என்றே நினைத்திருப்பார். உங்கள் மைத்துனர் ஒரு டப்பாவைத் திறந்து, அதே நாணயம் நாற்பதுக்கு மேல் கிடப்பதைக் காட்டி, "உங்களுக்கு வேண்டுமானால் இதிலிருந்து ஒன்றை நான் உங்களுக்குப் பத்து ரூபாய்க்கே தருகிறேன், அண்ணே" என்றார். வந்தவர் சிரிக்கவில்லை. ஆனால் நம்பினார்.

அதோடு விடாமல் ஓர் எச்சரிக்கையையும் சொன்னார். பழைய நாணயம், நோட்டு வாங்குவதாக ரிசர்வ் வங்கியின் பெயரையும் சின்னத்தையும் பயன்படுத்தி முன்பணம் கேட்கும் மோசடிகளைப் பற்றி அந்த வங்கியே 2021 ஆகஸ்டில் பொதுமக்களை எச்சரித்திருக்கிறது. அத்தகைய வாங்கல் விற்றலில் தான் ஈடுபடுவதில்லை என்றும் கட்டணம் எதுவும் கேட்பதில்லை என்றும் தெளிவுபடுத்தியிருக்கிறது. அந்த அறிவிப்பின் அச்சுப்படி ஒன்று கடைச் சுவரில் ஒட்டப்பட்டிருக்கிறது. ஏமாந்து வருகிறவரின் வருத்தம் கடைக்காரர்மேல் பாயாமல் இருக்க, கடைக்காரரின் சொல்லைவிட அந்தத் தாள்தான் அதிகம் உதவுகிறது.

வாங்க வருகிறவர்களின் பேரம் வேறு மாதிரியானது. சேகரிப்பாளர்களுக்குக் காசைப் பற்றித் தெரியும், விலையும் தெரியும், இருந்தும் "கடைசி விலை என்ன?" என்று கேட்காமல் இருக்க மாட்டார்கள். இங்கே உங்கள் மகளின் இரக்கக் குணம் இடராகக்கூடும். ஆகவே அவளுக்கு ஒரு கணக்கை மட்டும் சொல்லுங்கள். ஒரு காசை 1,000 ரூபாய்க்கு வாங்கி 1,300 ரூபாய் விலை சொல்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். வாடிக்கையாளர் பத்து சதவீதம் குறைக்கச் சொல்கிறார். சிறிய தொகையாகத் தெரிகிறது. ஆனால் குறைவது 130 ரூபாய், அவளுடைய லாபமோ 300 ரூபாய். அதாவது லாபத்தில் 43 சதவீதம் போய்விடுகிறது. வாடகையும் மின்கட்டணமும் மீதி 170 ரூபாயிலிருந்துதான் வர வேண்டும். எனவே இனிமேல் இறங்க முடியாது என்ற எல்லையை, வாடிக்கையாளர் வந்த பிறகு அல்ல, காசை உறையில் போடும்போதே தனக்கு மட்டும் புரியும் குறியீட்டில் எழுதி வைத்துவிட வேண்டும். குறைத்துக் கொடுப்பதானால் அதற்கு ஈடாக ஏதாவது கேட்க வேண்டும்: மூன்று காசுகளாக எடுத்துக்கொள்வது, உடனே பணம் தருவது, பழைய பாக்கியைத் தீர்ப்பது. ஒன்றும் பெறாமல் ஒருமுறை இறங்கினால், அடுத்த வாரம் வரும் அவருடைய நண்பரும் இறங்கச் சொல்வார். காசு சேகரிப்போர் வட்டம் மிகச் சிறியது. திருச்சியில் சொன்ன விலை கோவைக்கு மாலைக்குள் தெரிந்துவிடும்.

அதே சிறிய வட்டம் மற்றொரு வகையிலும் முக்கியம். விதவைப் பெண்மணி ஒருவர் கணவரின் பெட்டியைக் கொண்டுவந்து, எல்லாவற்றையும் வெள்ளி விலைக்கு எடுத்துக்கொள்ளச் சொல்கிறார். உள்ளே ஓர் அரிய காசு கிடக்கிறது. வாயை மூடிக்கொண்டு வாங்குவது சட்டப்படி தவறாகாமல் இருக்கலாம். உங்கள் மைத்துனர் அப்படிப்பட்ட காசைத் தனியே எடுத்து வைத்து, அதன் மதிப்பைச் சொல்லி, விற்றுக் கொடுத்துத் தரகு மட்டும் பெறுகிறார். இருபது ஆண்டுகளில் அவருக்கு வந்த நல்ல சேகரிப்புகளில் பெரும்பாலானவை, இப்படி நடத்தப்பட்டவர்கள் அனுப்பி வைத்தவைதான் என்றார். வாங்கும்போது பிறர் காசை மட்டம் தட்டிப் பேசும் வழக்கத்தையும் நான் அங்கே காணவில்லை. புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கிய காசை ஒருவர் பெருமையோடு காட்டியபோதுகூட, "இனிமேல் எதையும் தேய்க்காமல் அப்படியே கொண்டுவாருங்கள், கூடுதலாகத் தருகிறேன்" என்று மட்டுமே சொன்னார். தேய்த்த காசுக்குச் சேகரிப்பாளர்கள் விலை தரமாட்டார்கள் என்பது பலருக்கும் தெரிவதில்லை.

பேரத்துக்கே இடமில்லாத சில சூழ்நிலைகள் உண்டு; அவற்றை அவள் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். கரூர் அமராவதி ஆற்று மணலிலோ, வீட்டுக்குக் கடைக்கால் தோண்டும்போதோ கிடைத்தது என்று ஒருவர் காசுக் குவியலைக் கொண்டுவந்தால், விலையே சொல்லக் கூடாது. மண்ணில் புதைந்து கிடைத்த பொருளின் மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினாலே மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம். நூறு ஆண்டுகளைக் கடந்த நாணயம் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். அதை விற்கும் தொழிலுக்கு உரிமம் வேண்டும், வெளிநாட்டு வாடிக்கையாளர் எவ்வளவு கெஞ்சினாலும் அஞ்சலில் அனுப்பக் கூடாது. ரொக்கமாக இரண்டு லட்சமோ அதற்கு மேலோ பெறக் கூடாது. கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயரோடு 1818 என்று ஆண்டும் ராமர், அனுமன் உருவங்களும் பொறித்த செப்பு வில்லைகளைக் கொண்டுவந்து, அரிசியைக் காந்தம்போல இழுக்கும், இரிடியம் என்ற விலை உயர்ந்த உலோகம் கலந்தது என்று சொல்பவர்களிடம் வாதாடவும் கூடாது. கம்பெனி அப்படி ஒரு நாணயத்தை வெளியிட்டதே இல்லை. "எங்கள் கடையில் இதை வாங்குவதில்லை" என்ற ஒரு வரி போதும். மூன்றாம் முறையும் வற்புறுத்தினால் காவல் நிலையத்துக்குத் தொலைபேசியில் சொல்லிவிடலாம்.

பெண் தனியாக இருப்பாளே என்ற உங்கள் கவலை நியாயமானது. விலை உயர்ந்த காசுகளை வங்கிப் பெட்டகத்தில் வைத்து, முன்கூட்டியே நேரம் குறித்து, துணைக்கு ஒருவர் இருக்கும்போது மட்டும் காட்டுவது என்ற வழக்கத்தைத் தொடக்கத்திலேயே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஆண்டு, எடை, நிலை, திருப்பித் தரும் கெடு ஆகியவற்றை எழுதிய ரசீது இருந்தால், ஆறு மாதம் கழித்து வந்து சண்டையிடுபவர்களும் குறைவார்கள்.

முழுப் பொறுப்பையும் இப்போதே கொடுக்க வேண்டாம். ஆறு மாதம் மாமனுக்கு அருகில் அமரட்டும். முதல் மூன்று மாதம் விற்பனை மட்டும், அதன்பின் மாதம் 10,000 ரூபாய்க்குள் தன் முடிவில் கொள்முதல். நடந்த பேரங்களைவிட முறிந்த பேரங்களை, யார் என்ன கேட்டார், அவள் என்ன சொன்னாள் என்று ஒரு குறிப்பேட்டில் எழுதி வரச் சொல்லுங்கள். மூன்றாம் மாத முடிவில் அந்தக் குறிப்பேட்டோடு அவளை என்னிடம் அனுப்பிவையுங்கள். நீங்களும் உடன் வந்தால் நல்லது.