சோவின்யோனைத் தாண்டி எந்த வெள்ளை ஒயின்?

கேள்வி: வெள்ளை ஒயினில் எனக்கு சார்டனே, சோவின்யோன் பிளாங்க் இரண்டும்தான் பழக்கம். சோவின்யோனின் புளிப்பு பிடிக்கும். ஓக் மர வாடையடிக்கும் சார்டனே ஒத்துவரவில்லை. வேறு எதை வாங்கலாம்? ஐரோப்பிய பாட்டில்கள் பலவற்றில் திராட்சையின் பெயரே இல்லை. விலையும் கையைக் கடிக்கக் கூடாது.

பதில்: பிரெஞ்சு லேபிள்களில் பெரும்பாலும் ஊர்ப் பெயர்தான் பெரிதாக இருக்கும். என்ன திராட்சை என்பதை நாம்தான் தெரிந்துவைத்திருக்க வேண்டும். உங்கள் ருசிக்கு நாலு பெயர் போதும்.

முதலில் மஸ்கதே. லுவார் ஆறு கடலில் கலக்கும் பக்கம், நாந்த் நகரைச் சுற்றி விளைவது. திராட்சை, மெலோன் த பூர்கோன். 1709ஆம் ஆண்டின் கொடுங்குளிரில் அங்கிருந்த கொடிகள் பட்டுப்போக, குளிர் தாங்கும் என்று இதைப் பரவலாக நட்டார்கள். இதற்கென்று பெரிய வாசனை கிடையாது. அதனால் நொதித்து முடிந்த பிறகும் அடியில் தங்கும் ஈஸ்ட் வண்டலை நீக்காமல், குளிர்காலம் முழுக்க ஒயினை அதன் மேலேயே விட்டுவைக்கிறார்கள். லேசான ரொட்டி மணமும் வாயில் ஒரு திடமும் அப்படித்தான் வருகின்றன. சில பாட்டில்களில் நாக்கு நுனியில் சன்னமான குறுகுறுப்புகூட இருக்கும். லேபிளில் ‘சூர் லீ’ என்று போட்டிருந்தால் இந்த முறையில் செய்தது, அதையே எடுங்கள். கிளிசோன் அல்லது கோர்ஜ் என்ற ஊர்ப் பெயர் தென்பட்டால் குறைந்தது 24 மாதம் வண்டலில் இருந்த சரக்கு. கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாலும் தகும். மஸ்காட் என்றொரு ஒயினும் உண்டு, அது வேறு, இது வேறு. கடைக்காரர் மாற்றி எடுத்துக்கொடுத்துவிடப் போகிறார்.

மீன், இறால் சாப்பாட்டுக்கு என்றால் பிக்பூல் த பினே. தெற்கு பிரான்சில், சிப்பி வளர்க்கும் தோ உப்பேரிக் கரையில் விளைவது. உயரமான பச்சை பாட்டில், பார்த்ததும் தெரிந்துவிடும்.

ஆஸ்திரியாவின் குரூனர் வெல்ட்லினர் லேபிளில் திராட்சையின் பெயரே இருக்கும். வெள்ளை மிளகு வாசனை, எலுமிச்சைப் புளிப்பு. சோடா மூடி போட்ட ஒரு லிட்டர் பாட்டிலைப் பார்த்தால் மட்டம் என்று ஒதுக்க வேண்டாம். அங்கே தினசரிக்குக் குடிப்பது அப்படித்தான் வருகிறது, உங்கள் பட்ஜெட்டுக்கும் அதுதான் சரி.

கிரீஸின் அசிர்ட்டிகோ கொளுத்தும் வெயிலிலும் புளிப்பை விடாது. சாண்டோரினி தீவில் கடுங்காற்றுக்குப் பயந்து கொடியைக் கூடை போலத் தரையோடு சுருட்டி வளர்க்கிறார்கள். விளைச்சல் குறைவு, விலை ஏறிவிட்டது. கிரீஸின் மற்ற பகுதிகளில் விளைந்ததை வாங்கினால் செலவு குறையும்.

அர்ஜென்டினாவின் டொரொன்டெஸை யாராவது பரிந்துரைப்பார்கள். பூ வாசனை தூக்கலாக இருக்கும். உங்களுக்குத் தோதுப்படாது என்று நினைக்கிறேன்.

சாதாரண மஸ்கதே, பிக்பூல் இரண்டிலும் ஆண்டைப் பாருங்கள். கடந்த ஓரிரு வருட அறுவடையாக இருக்கட்டும். கடை ஜன்னலோரம் வெயிலில் நின்ற பாட்டில், தள்ளுபடியில் கிடைத்தாலும் வேண்டாம். அப்புறம், ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துப் பத்து நிமிடம் கழித்து ஊற்றுங்கள். ரொம்பச் சில்லென்று இருந்தால் இவற்றில் இருக்கிற கொஞ்சநஞ்ச வாசனையும் தெரியாது.