பசுமைக்குடில் கிட் வாங்குகிறவர்களுக்கு: பெட்டியில் இல்லாதது எது?

கொல்லைப்புறத்தில் நாமே பூட்டி நிறுத்திக்கொள்ளும் பசுமைக்குடில் கிட் பற்றித்தான் இந்த முறை கடிதங்கள் அதிகம். சுருக்கித் தந்திருக்கிறேன்.

கேள்வி: 'ஒரே ஆள் அரை நாளில் பூட்டிவிடலாம்' என்று விளம்பரத்தில் போட்டிருக்கிறது. நம்பலாமா?

பதில்: நம்பாதீர்கள். இரண்டு பேர் வேண்டும், இரண்டு நாள் வேண்டும், காற்று அடங்கிய நாளாகவும் இருக்க வேண்டும்.

கேள்வி: எட்டடி நீளக் குடில் என்று வாங்கினேன். உள்ளே அளந்தால் எட்டடி வரவில்லை. ஏமாற்றிவிட்டார்களா?

பதில்: பெரும்பாலான விற்பனையாளர்கள் வெளிப்புற அளவைத்தான் சொல்கிறார்கள், அதையும் முழு எண்ணாக்கிச் சொல்கிறார்கள். பணம் கட்டும் முன் நான்கு அளவுகளை எழுத்தில் கேளுங்கள்: அடிச்சட்டத்தின் வெளி அளவு, உள் அளவு, பக்கச் சுவரின் உயரம், கதவின் அகலம். விளம்பரத்தில் பெரிதாகப் போடுவது கூரை முகட்டின் உயரம். நீங்கள் செடிக்கு மேல் குனிந்து வேலை செய்யப்போவதோ பக்கச் சுவரை ஒட்டி. கதவில் தள்ளுவண்டி நுழையாவிட்டால் ஒவ்வொரு மண் மூட்டையையும் தோளில் சுமக்க வேண்டியிருக்கும்.

கேள்வி: பாலிகார்பனேட் (ஒளி புகும் கெட்டி பிளாஸ்டிக்) தகடுகளின் இரு பக்கமும் இருந்த மெல்லிய படலத்தை அழுக்கு என்று நினைத்து முதலிலேயே உரித்துவிட்டேன். இப்போது எந்தப் பக்கம் வெளியே வரவேண்டும் என்று தெரியவில்லை.

பதில்: வெளியே வரவேண்டிய பக்கம் எது என்று அந்தப் படலத்தில்தான் அச்சிட்டிருப்பார்கள். கையேட்டைத் திறந்து பார்த்திருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலை இருந்திருக்காது. புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பூச்சு பெரும்பாலான தகடுகளில் ஒரு பக்கம் மட்டுமே இருக்கும். அந்தப் பக்கம் உள்ளே போய்விட்டால் சில ஆண்டுகளில் தகடு மஞ்சளாகி, விரல் பட்டாலே நொறுங்கத் தொடங்கும். கள்ள நோட்டுப் பார்க்கும் புற ஊதா விளக்கு கிடைத்தால் இருட்டில் இரு பக்கமும் அடித்துப் பாருங்கள். பல தயாரிப்புகளில் பூச்சுள்ள பக்கம் நீலமாக ஒளிரும். தெரியாவிட்டால் தயாரிப்பாளரைக் கேளுங்கள். ஊகத்தில் மாட்டிவிடாதீர்கள்.

அப்படியே இன்னும் இரண்டு விஷயம். தகட்டின் உள்ளே ஓடும் குழாய் போன்ற வரிகள் மேலிருந்து கீழாக நிற்க வேண்டும், இல்லையென்றால் உள்ளே சேரும் ஈரம் வடியாமல் பாசி பிடிக்கும். இரண்டு மீட்டர் தகடு, 40 டிகிரி வெப்ப வேறுபாட்டில் சுமார் 5 மில்லிமீட்டர் நீளும். அதனால் திருகுத் துளையைத் திருகைவிடச் சற்றுப் பெரிதாகப் போடுங்கள், இறுக்கி நெரிக்காதீர்கள்.

கேள்வி: தோட்டம்தான் எனக்குத் துணை. சேமிப்பில் இருந்து எடுத்து ஒரு குடில் வாங்கினேன். பத்து ஆண்டு உத்தரவாதம் என்றார்கள். முதல் பெருங்காற்றிலேயே கூரைத் தகடுகள் பறந்து சட்டம் முறுக்கிக்கொண்டது. 'காற்றுச் சேதம் உத்தரவாதத்தில் வராது, நீங்கள் தரையில் பிணைக்கவில்லை' என்கிறார்கள். பிணைப்பதற்கான எதுவுமே பெட்டியில் இல்லை, ஐயா.

பதில்: அம்மா, உங்கள் மேல் தவறில்லை. இந்த வியாபாரத்தில் எனக்கு மிகவும் கோபம் வருவதே இந்த இடத்தில்தான்.

பசுமைக்குடில் எடை குறைந்தது, பரப்பு பெரியது. காற்றின் வேகம் இரு மடங்கானால் அது தரும் அழுத்தம் நான்கு மடங்காகிறது. முதலில் ஓரமாக ஒரு தகடு பிடுங்கிக்கொள்ளும். அந்த வழியாக உள்ளே புகும் காற்று கூரையை அடியிலிருந்து தூக்கும். அதன்பின் மிஞ்சுவது நீங்கள் பார்த்த முறுக்கிய சட்டம்தான். விற்கிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். தெரிந்ததால்தான் 'முறையாகத் தரையில் பிணைத்திருக்க வேண்டும்' என்ற வரியை உத்தரவாத அட்டையில் பொடி எழுத்தில் சேர்க்கிறார்கள். அவ்வளவு தெரிந்தவர்கள் அடிச்சட்டத்தையும் பிணைப்பு ஆணிகளையும் ஏன் பெட்டிக்குள் வைப்பதில்லை? வைத்தால் விலை ஏறும், பக்கத்துக் கடைக்காரரின் விலை குறைவாகத் தெரியும். அதனால் அவற்றைத் 'தேவைப்பட்டால் தனியே வாங்கலாம்' என்று ஒதுக்கிவிடுகிறார்கள். அது இல்லாமல் குடில் நிற்காது என்றால் அது தேவைப்பட்டால் வாங்கும் பொருளே இல்லை, குடிலின் ஒரு பகுதி. ஒரு பகுதியைக் கொடுக்காமல் விட்டுவிட்டு, அது இல்லாததையே காரணம் காட்டி உத்தரவாதத்தை மறுப்பது அநியாயம். அந்தப் பத்து ஆண்டு என்பதும் பல கிட்டுகளில் சட்டம் துருப்பிடிப்பதற்கு மட்டும்தான். தகட்டுக்கும் கதவுக்கும் வேறு கணக்கு.

நீங்கள் செய்ய வேண்டியது: எதையும் அப்புறப்படுத்தும் முன் நான்கு புறமும் படம் எடுங்கள். கையேட்டின் முதல் பக்கங்களில் உதிரிபாகப் பட்டியல் இருக்கும். பிணைப்பு ஆணி அதில் இல்லை என்றால் அந்தப் பட்டியலே உங்கள் முதல் சாட்சி. விளம்பரம், ரசீது, பட்டியல் மூன்றையும் இணைத்து எழுத்தில் புகார் அனுப்புங்கள், தொலைபேசியில் பேசி முடிக்காதீர்கள். சட்டத்தை மாற்றித் தரவேண்டும், அடிச்சட்டமும் தரவேண்டும் என்று தெளிவாகக் கேளுங்கள். அடுத்த கொள்முதலில் தள்ளுபடி தருகிறோம் என்றால் ஏற்காதீர்கள். கார்டில் பணம் கட்டியிருந்தால் வங்கியிடமும் முறையிடுங்கள். அதற்கும் அசையாவிட்டால் நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போங்கள். அவர்கள் பதில் வந்ததும் எனக்கு அனுப்புங்கள். அடுத்த கடிதத்தை நானே எழுதித் தருகிறேன்.

கேள்வி: பாதி பூட்டிய பிறகுதான் இரண்டு சட்டங்கள் குறைவது தெரிந்தது. பெட்டி வந்து இரண்டு மாதம் ஆயிற்று. புகார் கெடு முடிந்துவிட்டது என்கிறார்கள்.

பதில்: பெட்டி வந்த அன்றே எண்ணியிருக்க வேண்டும். இரண்டு மாதம் மூடி வைத்துவிட்டு விற்றவரைக் குறை சொல்வதில் பயனில்லை. உதிரியாகக் கிடைக்குமா என்று கேட்டு, காசு கொடுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: அலுமினியச் சட்டம் முழுவதையும் பூட்டிவிட்டேன். இப்போது அலமாரி தாங்கியை மாட்ட போல்ட் உள்ளே நுழையவில்லை. குறைபாடுள்ள சட்டமா?

பதில்: சட்டம் சரியாகத்தான் இருக்கிறது. அந்தச் சட்டத்தின் நடுவே நீளவாக்கில் ஒரு பள்ளம் ஓடுகிறதல்லவா, அதற்குள் போல்ட்டின் சதுரத் தலை முனை வழியாக மட்டுமே நுழையும். மூலையைப் பூட்டிவிட்டால் வழி அடைந்துவிடும். அதனால்தான் ஒவ்வொரு சட்டத்திலும் இரண்டு மூன்று போல்ட்டுகளைக் கூடுதலாக முன்பே நுழைத்துவிட வேண்டும். உங்களுக்கு இப்போது தலையின் இரு ஓரம் சீவப்பட்ட போல்ட் உதவும். பள்ளத்தில் எங்கு வேண்டுமானாலும் செருகி, கால் சுற்று திருப்பினால் பிடித்துக்கொள்ளும். மூலையைக் கழற்ற வேண்டாம்.

கேள்வி: பாலித்தீன் உறை போட்ட குடில் பாதி விலைக்குக் கிடைக்கிறது. வாங்கலாமா?

பதில்: வாங்கலாம், உறையின் தடிமனைச் சொன்னால். 200 மைக்ரான், புற ஊதாக் கதிர் தாங்கும் வகை என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். எனக்கு விற்றவர் 'கனமான உறை' என்று மட்டும் சொன்னார், எழுதித் தரவில்லை. அடுத்த கோடைக்குள் இரும்புக் குழாயைத் தொட்ட இடமெல்லாம் நேர்கோடாகக் கிழிந்தது. வெயிலில் குழாய் கொதிக்கும்போது உறை அந்த இடத்தில்தான் முதலில் வலுவிழக்கிறது. குழாய்மேல் வெள்ளை நுரைப் பட்டை ஒட்டிவிட்டு உறையைப் போர்த்துங்கள்.

கேள்வி: கதவு ஓரத்தில் சிக்குகிறது. கதவை மாற்றித் தரச் சொல்லலாமா?

பதில்: முதலில் அடிச்சட்டத்தின் இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள். அவை சமமாக இல்லாவிட்டால் கோணல் உங்கள் அடித்தளத்தில் இருக்கிறது.

கேள்வி: எங்கள் பகுதியில் ஆண்டு முழுவதும் கடும் வெயில். நாற்று வளர்க்க எந்தக் குடில் நல்லது?

பதில்: எதுவும் வேண்டாம். நிழல்வலைப் பந்தல் போடுங்கள். நாற்றை மழையிலிருந்து காக்க வேண்டும், குடில்தான் வேண்டும் என்றால், கூரை ஜன்னலின் பரப்பு தரைப்பரப்பில் ஐந்தில் ஒரு பங்காவது இருக்கிறதா என்று கேளுங்கள். ஒரே ஒரு சிறிய ஜன்னலோடு விற்கும் கிட்டை அங்கே வாங்காதீர்கள்.